ஆண் குழந்தையின் விரை இறங்கவில்லையா? பெற்றோர் அறிய வேண்டியவை

ஆண் குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் சூட்டி, வசதிக்கேற்ப அகீகா கொடுக்கிறோம். கண், காது, கை, கால் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறார்கள். ஓர் இடத்தை மட்டும் உற்றுப் பார்க்கவும், பார்த்ததை வாய்விட்டுக் கேட்கவும் தயங்குகிறோம். விரைப்பையில் இரண்டு விரைகளும் இருக்கின்றனவா என்பதுதான் அந்தக் கேள்வி.

இந்தத் தயக்கத்தால் பல குடும்பங்களில் பையன் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் குறை தெரியவருகிறது. சில வீடுகளில் அவனுக்குத் திருமணம் பேசும்போதுதான் தெரிகிறது. அதற்குள் சிகிச்சைக்கு ஏற்ற காலம் கடந்துவிடுகிறது. ஒன்றரை வயதுக்குள் முடித்திருக்கக்கூடிய ஒரு சிறிய அறுவை சிகிச்சை, வாழ்நாள் கவலையாக மாறிவிடுகிறது. எனவே பிறந்த குழந்தைகளிடம் காணப்படும் விரைக் குறைபாடுகளையும், அவற்றுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளையும் இந்தக் கட்டுரையில் விளக்குகிறோம். உம்மாவும் வாப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள்.

விரை இறங்கும் வழி

கருவிலுள்ள ஆண் குழந்தைக்கு விரைகள் உருவாகும் இடம் விரைப்பை அல்ல. வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகில் அவை உருவாகின்றன. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகின்றன. கர்ப்பத்தின் நான்காம் மாத வாக்கில் அடிவயிற்றின் ஓரத்துக்கு வந்து சேர்ந்து, சில வாரங்கள் அங்கேயே தங்குகின்றன. ஏழாம் மாதத்தையொட்டி, தொடை இடுக்கிலுள்ள ஒரு குறுகிய பாதை வழியாக விரைப்பைக்குள் இறங்குகின்றன. குழந்தையின் உடலில் சுரக்கும் ஆண் ஹார்மோன்களும், விரையின் அடியில் இருக்கும் கயிறு போன்ற ஒரு தசைநாரும் இந்தப் பயணத்துக்கு வழிகாட்டுகின்றன.

பயணம் நடுவில் எங்கேயாவது நின்றுபோனால் அதை 'இறங்கா விரை' என்கிறோம். விரை வயிற்றுக்குள் நிற்கலாம், தொடை இடுக்கில் நிற்கலாம், விரைப்பையின் வாசல்வரை வந்தும் நிற்கலாம். பாதை மாறி வேறு இடத்துக்குப் போய்விட்டால் அது 'இடம் மாறிய விரை'. இறங்கும்போது விரை தன்னோடு வயிற்றின் உள்சவ்வையும் ஒரு சிறு பை போல இழுத்து வரும். விரை இறங்கிய பிறகு இந்தப் பையின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதில் நீர் இறங்கி விரைப்பை வீங்கும், அல்லது குடல் இறங்கிக் குடலிறக்கம் உண்டாகும். விரை இறங்காத குழந்தைகள் பலருக்கு இந்தப் பையும் திறந்தே இருக்கும். இதனால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே அறுவையில் சரிசெய்கிறார்கள்.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு ஒரு விரையோ இரண்டுமோ இறங்காமல் இருக்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இது பல மடங்கு அதிகம். சில கணக்குகளின்படி 100 பேரில் 30 பேர் வரைகூட இருக்கலாம். பயணம் முடிவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது என்பதே இதற்குக் காரணம்.

இவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்த சில மாதங்களுக்குள் விரை தானாகவே இறங்கிவிடும். ஒரு வயதில் கணக்கெடுத்தால் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே குறை மிஞ்சியிருக்கும். ஆகவே முதல் ஆறு மாதங்கள் பொறுத்திருப்பதில் தவறில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் இனி தானாக இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. குறைமாதக் குழந்தைக்கு இந்த ஆறு மாதத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறிக்கப்பட்டிருந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் சங்கம் 2014 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமும் இதுதான்: ஆறு மாதத்திலும் இறங்காவிட்டால் அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும், அடுத்த ஓராண்டுக்குள் அறுவையை முடிக்க வேண்டும். அதாவது ஒன்றரை வயதைத் தாண்டவிடக் கூடாது. 'வளர வளர இறங்கிவிடும், அவன் மாமாவுக்கும் இப்படித்தான் இருந்தது' என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஊசி போட்டு இறக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஹார்மோன் ஊசியால் பலன் கிடைப்பது குறைவு. இறங்கிய விரை மீண்டும் ஏறிவிடுவதும் உண்டு. அதனால் அந்த வழிகாட்டுதல் ஹார்மோன் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை. எண்ணெய் தடவி நீவி விடுவதாலோ, இடுப்பில் கயிறு கட்டுவதாலோ விரை இறங்காது. அழுத்தி நீவினால் குழந்தைக்குக் காயம்தான் மிஞ்சும்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

விரைப்பை உடலுக்கு வெளியே தொங்குவது காரணத்தோடுதான். உடலின் உள்வெப்பத்தைவிட அங்கே 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கும். விந்தணுக்களை உண்டாக்கும் செல்களுக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். விரை உள்ளேயே இருந்தால் வெப்பத்தில் அந்தச் செல்கள் குறையத் தொடங்குகின்றன. ஒன்றரை வயதை நெருங்கும்போதே சில குழந்தைகளிடம் இந்த இழப்பு காணப்படுகிறது.

எதிர்காலத்தில் பிள்ளைப்பேறு கிடைக்குமா என்பதுதான் பெற்றோரின் முதல் கவலை. ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்து, அறுவை செய்துகொண்டவர்களில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் தந்தையாகிறார்கள். இது மற்ற ஆண்களின் நிலையோடு ஏறக்குறைய சமம். இரண்டு பக்கமும் இறங்காமல் இருந்தவர்களிடம் அது 10 பேரில் 6 அல்லது 7 பேராகக் குறைகிறது. காலம் தாழ்த்தாமல் சிகிச்சை செய்ய வேண்டிய அவசியம் இவர்களுக்குக் கூடுதல்.

அடுத்தது புற்றுநோய். இறங்கா விரை இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் விரைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சுவீடனில் ஏறத்தாழ 17,000 ஆண்களின் பதிவுகளை வைத்து 2007 இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. 13 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து பொது மக்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு, 13 வயதுக்குப் பிறகு செய்தவர்களுக்கு 5 மடங்குக்கு மேல். மடங்குக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இந்தப் புற்றுநோயே அரிதானது. அறுவை செய்துகொண்ட பையன்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. விரை பைக்குள் இறக்கப்பட்டிருந்தால் பிற்காலத்தில் கட்டி ஏதாவது தோன்றினாலும் கையால் தொட்டு உடனே கண்டுபிடித்துவிடலாம். வயிற்றுக்குள் இருக்கும் விரையில் அது முடியாது.

இவை தவிர, இறங்கா விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். உடன் இருக்கும் குடலிறக்கம் இறுகிக்கொள்ளலாம். இரண்டும் அவசர நிலைகள்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு பார்ப்பது நல்லது. குளிரிலும், குழந்தை அழும்போதும் விரைகள் மேலே ஏறிக்கொள்வது இயல்பு. உங்கள் கையும் சூடாக இருக்கட்டும். விரைப்பையின் இரண்டு பக்கமும் ஒரு சிறு மொச்சைக்கொட்டை அளவில் வழுவழுப்பாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் சூம்பித் தட்டையாக இருந்தால், அல்லது எதுவும் தட்டுப்படாவிட்டால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி நாட்களே இதைக் கேட்க நல்ல தருணம். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று எப்படியும் போகத்தானே போகிறோம்.

சில பையன்களுக்குக் குளிக்கும்போது விரை பையில் இருக்கும், மற்ற நேரம் மேலே ஏறியிருக்கும். கையால் கீழே கொண்டுவந்து விட்டால் சற்று நேரம் அங்கேயே நிற்கும். இது 'ஏறி இறங்கும் விரை'. இது நோயல்ல, அறுவையும் தேவையில்லை. ஆனால் இவர்களில் சிலருக்கு வளரும்போது விரை நிரந்தரமாக மேலேயே தங்கிவிடுவதுண்டு. அதனால் பருவ வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. விரை தட்டுப்படவில்லை என்றதும் பலர் முதலில் ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். வயிற்றுக்குள் இருக்கும் விரையை ஸ்கேன் பல நேரங்களில் காட்டாது. ஸ்கேனில் இல்லை என்று வந்தால் உடலிலேயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அனுபவமுள்ள குழந்தைகள் அறுவை நிபுணரின் கைப் பரிசோதனைதான் இதில் முக்கியம். எந்த ஸ்கேன் தேவை, தேவைதானா என்பதை அவரே சொல்லட்டும்.

அறுவை சிகிச்சை எப்படி நடக்கிறது?

இறங்கா விரைகளில் 100-க்கு ஏறத்தாழ 80 கையில் தட்டுப்படும் இடத்தில்தான் இருக்கும். இவற்றுக்குச் செய்யும் அறுவைக்கு 'ஆர்க்கிடோபெக்சி' என்று பெயர். முழு மயக்கம் கொடுத்து, தொடை இடுக்கில் சிறிய கீறல் போட்டு விரையைக் கண்டுபிடிக்கிறார்கள். அதன் இரத்தக் குழாய்களையும் விந்துக்குழாயையும் சுற்றியிருக்கும் சவ்வுகளிலிருந்து கவனமாகப் பிரித்து நீளம் சேர்க்கிறார்கள். திறந்திருக்கும் குடலிறக்கப் பையைக் கட்டி மூடுகிறார்கள். பிறகு விரைப்பையில் இன்னொரு சிறு கீறலிட்டு, தோலுக்கு அடியில் ஒரு பை செய்து, விரையை அதில் அமர்த்தித் தைக்கிறார்கள். தையல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும் வகை. பல குழந்தைகள் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

எதுவும் தட்டுப்படாத மற்றக் குழந்தைகளுக்கு லேப்ராஸ்கோபி செய்கிறார்கள். தொப்புள் அருகே சிறு துளையிட்டு கேமரா செலுத்தி வயிற்றுக்குள் பார்க்கும் முறை இது. விரை தொடை இடுக்குக்கு அருகிலேயே இருந்தால் ஒரே அறுவையில் இறக்கிவிடலாம். மிக உயரத்தில் இருந்தால் அதன் இரத்தக் குழாய் கீழே எட்டாது. அதற்காக ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஃபவுலர், ஸ்டீபன்ஸ் என்ற இரு அறுவை நிபுணர்கள் 1959 இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். விரைக்கு முதன்மை இரத்தக் குழாய் ஒன்றுதான் என்றாலும், விந்துக்குழாயை ஒட்டி வரும் மெல்லிய குழாயிலிருந்தும் அதற்கு இரத்தம் கிடைக்கிறது. முதன்மைக் குழாயைக் கட்டிவிட்டு, இந்தச் சிறு குழாயின் ஆதரவில் விரையைக் கீழே கொண்டுவருவதே அவர்கள் வழி. இன்று பெரும்பாலும் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் குழாயைக் கட்டிவிட்டு, சிறு குழாய் வலுப்பெற ஏறத்தாழ ஆறு மாதம் விட்டு, பிறகு இறக்குகிறார்கள். எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஷெஹாத்தா என்ற குழந்தைகள் அறுவை நிபுணர் 2008 இல் வெளியிட்ட இன்னொரு முறையில் இரத்தக் குழாயைக் கட்டுவதே இல்லை. விரையை வயிற்றின் மறுபக்கச் சுவரில் தற்காலிகமாகத் தைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் குழாய் மெல்ல நீண்டுவிடும். அதன்பின் கீழே இறக்குகிறார்கள்.

எந்த அறுவைக்கும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சீழ் பிடிக்கலாம், விரை மீண்டும் மேலே ஏறலாம், அரிதாக இரத்த ஓட்டம் குறைந்து விரை சூம்பிப் போகலாம். சூம்பும் வாய்ப்பு தொடை இடுக்கு விரைகளில் குறைவு, வயிற்றுக்குள் உயரத்தில் இருந்தவற்றில் அதிகம். கையெழுத்துப் போடும் முன் 'என் பிள்ளைக்கு எந்த முறை, ஏன்?' என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

அரிதான சில குறைபாடுகள்

இறங்கா விரை அடிக்கடி காணப்படுவது. மருத்துவர்களே தங்கள் வாழ்நாளில் ஒரு சில தடவை மட்டும் பார்க்கும் அரிய வகைகளும் உண்டு. பெரும்பாலும் குடலிறக்கத்துக்காக அறுவை செய்யும்போது எதிர்பாராமல் இவை வெளிப்படும்.

இடம் மாறிய விரை: விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோலுக்கு அடியில் விரை போய்த் தங்கியிருக்கும். டயப்பர் மாற்றும்போது அங்கே ஒரு சிறு உருண்டையாகத் தெரியும். இது தானாக ஒருபோதும் பைக்கு வராது. ஆனால் அறுவை எளிது. ஏனெனில் இரத்தக் குழாய் போதிய நீளத்தோடு இருக்கும். வெற்றிகரமாக நடந்த முதல் விரை இறக்க அறுவையாக மருத்துவ வரலாற்றில் குறிப்பிடப்படுவதும் இப்படிப்பட்ட ஒரு குழந்தைக்குச் செய்ததுதான். 1877 இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் என்ற மருத்துவர் 3 வயதுச் சிறுவனுக்கு அதைச் செய்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒருவர் முயன்றபோது குழந்தை சீழ் பிடித்து இறந்துபோனது. லிஸ்டர் கொண்டுவந்த கிருமி ஒழிப்பு முறையே அனன்டேலின் வெற்றிக்குத் துணை நின்றது.

இரண்டு விரைகளும் ஒரே பக்கம்: ஒரு பக்கம் குடலிறக்க வீக்கம், மறுபக்கம் காலிப் பை என்று குழந்தை வரும். திறந்து பார்த்தால் இரண்டு விரைகளும் வீக்கமுள்ள பக்கத்திலேயே இருக்கும். நடுத்தடுப்பின் வழியாக ஒன்றை மறுபக்கப் பைக்குக் கொண்டுபோய் அமர்த்துவார்கள்.

ஆண் குழந்தைக்குள் கருப்பை: மேலே சொன்ன வகையில் சிலருக்கும், இரு பக்கமும் விரை இறங்காத சிலருக்கும் உள்ளே சிறு கருப்பையும் கருக்குழாய்களும் இருக்கும். கேட்டதும் பெற்றோர் நிலைகுலைந்து போகிறார்கள். கருவின் தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பெண் உறுப்புகளுக்கான முளை இருக்கும். ஆண் குழந்தையின் விரையில் சுரக்கும் ஒரு ஹார்மோன் அந்த முளையைக் கரைத்துவிடும். மரபணுக் குறையால் அந்த ஹார்மோன் சுரக்காமலோ வேலை செய்யாமலோ போனால் முளை அப்படியே நின்றுவிடும். இந்தப் பிள்ளை எல்லா வகையிலும் ஆண்தான். இதில் ஐயமே வேண்டாம். விந்துக்குழாய் பெரும்பாலும் அந்தக் கருப்பையின் சுவரை ஒட்டியே ஓடுவதால், அவசரப்பட்டு அதை வெட்டி எடுத்தால் விந்துக்குழாயும் அறுந்துபோகும். அதனால் முதல் அறுவையில் சிறு திசு மட்டும் எடுத்துப் பரிசோதித்து, யோசித்து, அடுத்த அறுவையைத் திட்டமிடுவதே பல நேரங்களில் நல்லது. இது தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் உண்டாவது. இரத்த சொந்தத்தில் திருமணம் செய்த தம்பதியருக்கு அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல். தம்பிமார் இருந்தால் அவர்களையும் காட்டிவிடுங்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

மூன்று விரைகள்: உலக மருத்துவ ஏடுகளில் சில நூறு பேரைப் பற்றியே இப்படிப் பதிவு உண்டு. கூடுதல் விரை பையில் ஒழுங்காக இருந்து, ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியாவிட்டால் அதை எடுக்காமல் ஆண்டுதோறும் கவனித்து வந்தாலே போதும். இறங்காமல் இருந்தாலோ, முறுக்கிக்கொண்டாலோ அறுவை தேவைப்படும்.

மண்ணீரலோடு ஒட்டிய விரை: கருவில் மண்ணீரலும் இடது விரையும் அருகருகே உருவாகின்றன. சிலருக்கு மண்ணீரலின் ஒரு துண்டு விரையோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஏறக்குறைய எப்போதும் இடது பக்கத்திலேயே இது வரும். பார்க்கப் புற்றுக்கட்டி போலவே இருப்பதால், நல்ல விரையையே எடுத்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் பல உண்டு. அறுவையின்போதே சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி அரைமணி நேரத்தில் முடிவு பார்த்தால் விரையைக் காப்பாற்றிவிடலாம்.

மறைந்துபோன விரை: கருவிலேயே விரை முறுக்கி, இரத்தம் நின்று, கரைந்துபோயிருக்கும். லேப்ராஸ்கோபியில் இரத்தக் குழாயும் விந்துக்குழாயும் பாதியில் முடிந்திருப்பது தெரியும். மறுபக்க விரை நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் பிள்ளைப்பேறுக்கும் அந்த ஒன்றே போதும். விரும்பினால் பருவம் எய்திய பிறகு செயற்கை விரை பொருத்திக்கொள்ளலாம்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரங்கள்

ஒன்று: பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விரை தட்டுப்படவில்லை என்றால் ஆறு மாதக் கணக்கு இங்கே பொருந்தாது. அன்றே பரிசோதனை வேண்டும். வெளித்தோற்றத்தில் ஆண் போலத் தெரியும் அந்தக் குழந்தை, அட்ரினல் சுரப்பிக் குறையால் அப்படித் தோன்றும் பெண் குழந்தையாக இருக்கலாம். அந்தக் குறையால் இரண்டு மூன்று வாரங்களுக்குள் உடலில் உப்பு குறைந்து, வாந்தி எடுத்து, பால் குடிக்காமல் துவண்டு, உயிருக்கே ஆபத்து வரலாம். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் குழந்தை நலமாக வளரும். 

இரண்டு: விரைப்பையோ தொடை இடுக்கோ திடீரென வீங்கி, சிவந்து, குழந்தை விடாமல் அழுதால் அது முறுக்கிய விரையாகவோ இறுகிய குடலிறக்கமாகவோ இருக்கலாம். பச்சையாக வாந்தி எடுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். முறுக்கிய விரையைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரமே கையில் இருக்கிறது.

மூன்று: பிறந்தபோதே விரைப்பை ஒரு பக்கம் கல் போலக் கெட்டியாக, நீலம் பாரித்து இருந்தால் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். குழந்தை அழவில்லையே என்று விட்டுவிட வேண்டாம்.

கத்னாவுக்கு முன் ஒருமுறை பாருங்கள்

நம் குடும்பங்களுக்கு இந்த இடம் மிக முக்கியம். சில குழந்தைகளுக்கு முன்தோல் அடிப்பக்கத்தில் இல்லாமல், மேல்பக்கம் மட்டும் முக்காடு போலக் கிடக்கும். 'பிறக்கும்போதே சுன்னத் ஆகிப் பிறந்திருக்கிறான்' என்று பெரியவர்கள் மகிழ்வதுண்டு. பல நேரங்களில் அது சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும் பிறவிக் குறையின் அடையாளம். அந்தத் துவாரத்தைச் சரிசெய்யும் அறுவைக்கு முன்தோல் பெரிதும் தேவைப்படும். கத்னா செய்து அதை வெட்டி எறிந்துவிட்டால் பிறகு அறுவை சிக்கலாகிவிடும். எனவே ஒஸ்தாவிடம் போனாலும் மருத்துவமனையில் செய்தாலும், முதலில் துவாரம் சரியான இடத்தில் இருக்கிறதா, இரண்டு விரைகளும் பையில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். துவாரக் குறையும் இறங்கா விரையும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தால், ஹார்மோன், மரபணுப் பரிசோதனைகள் முடியும்வரை கத்னாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உடல்நலக் காரணத்துக்காகக் கத்னாவைத் தள்ளிப்போடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. மனதில் ஐயம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். குறை எதுவும் இல்லாமல் விரை மட்டும் இறங்காமல் இருந்தால், ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிட முடியுமா என்று அறுவை நிபுணரிடம் கேளுங்கள்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

மயக்கம் கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகத் தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், மற்றப் பாலையும் உணவையும் 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவமனை சொல்லும் நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். குழந்தை அழுகிறதே என்று நன்னிமார் பரிவோடு ஒரு சங்கு பால் புகட்டிவிடுவதுண்டு. மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீடு வந்த பிறகு இரண்டு மூன்று வாரம் குழந்தையை இடுப்பில் கால் பரப்பி உட்கார வைத்துத் தூக்காதீர்கள். மார்போடு அணைத்துத் தூக்குங்கள். நடைவண்டி, மூன்று சக்கர சைக்கிள் வேண்டாம். முதல் சில நாட்கள் விரைப்பை வீங்கிக் கன்றியிருப்பது இயல்பு. காய்ச்சல், சீழ், அதிகரிக்கும் வீக்கம் இருந்தால் உடனே காட்டுங்கள். மறுபார்வைக்குக் கூப்பிட்ட நாட்களில் தவறாமல் போங்கள். விரை இடத்தில் நிற்கிறதா, வளர்கிறதா என்பது சில மாதங்கள் கழித்துத்தான் தெரியும். 

பையன் வளர்ந்து பருவம் எய்தியதும், தனக்குச் சிறு வயதில் என்ன அறுவை நடந்தது என்பதை வாப்பா அவனிடம் சொல்லிவிட வேண்டும். மாதம் ஒருமுறை குளிக்கும்போது தானே தொட்டுப் பார்த்து, கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் சொல்லவும் பழக்க வேண்டும். அறுவைச் சீட்டையும் ஆய்வக முடிவுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

எங்கே போவது, செலவுக்கு என்ன செய்வது?

பெரியவர்களுக்கு அறுவை செய்பவரைவிட, குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையே இதற்கு ஏற்றது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் அந்தப் பிரிவு இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கு அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள்ளேயே விண்ணப்பித்துவிட்டால், அறுவைத் தேதி வரும்போது அலைய வேண்டியிருக்காது. போக்குவரத்துக்கும் மருந்துக்கும் கையில் இல்லாதவர்கள் ஜமாஅத்தையோ அறக்கட்டளையையோ அணுகக் கூச்சப்பட வேண்டாம். பிள்ளையின் குறையை வெளியில் சொல்ல வேண்டியதில்லை. 'குழந்தைக்கு ஓர் அறுவை' என்று சொல்லி மருத்துவர் சீட்டைக் காட்டினால் போதும்.

குழந்தையின் இந்தக் குறைக்கு உம்மா கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று காரணம் தேடி மருமகளைக் குறை சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் தனியாக ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடிவதில்லை. ஆறு மாதத்தில் காட்டுவது, ஒன்றரை வயதுக்குள் முடிப்பது, கத்னாவுக்கு முன் ஒருமுறை பார்ப்பது. இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டில் ஆண் குழந்தை இருந்தால் இன்று குளிப்பாட்டும்போதே பார்த்துவிடுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.